கடனை நிவாரணம் என்று சொல்லாதீர்கள்

கொரோனா காலத்தில் சிறு தொழில்களுக்கு அரசு அள்ளிக் கொடுத்தது என்று இன்றும் மேடைகளில் பேசுகிறார்கள். நம் இயக்கத்தில் பலர் இப்போது விவசாயத்தோடு மரச்செக்கு, அவல், சிறுதானிய மாவு, இயற்கை அங்காடி என்று ஒரு சிறு தொழிலும் நடத்துகிறார்கள். நாளைக்கு இன்னொரு தொற்றோ, கஜா மாதிரி ஒரு புயலோ வந்தால் இதே மாதிரி அறிவிப்புகள்தான் வரும். அதனால் அன்று கொடுத்தது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். வங்கியில் வேலை பார்த்துவிட்டு வயலுக்கு வந்தவன் நான். கணக்கு எனக்குப் பழகிய வேலை.

2020 மே 13 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பெரிய அறிவிப்பு ஒன்றைச் செய்தார். சிறு, நடுத்தரத் தொழில்களுக்குப் பிணை இல்லாமல் 3 லட்சம் கோடி ரூபாய் கடன். 2020 பிப்ரவரி 29 அன்று உங்கள் கடன் பாக்கி எவ்வளவோ, அதில் 20 சதவீதம் புதுக் கடனாகக் கிடைக்கும். முதல் வருஷம் வட்டி மட்டும் கட்டலாம், மொத்தம் நான்கு வருஷத்தில் அடைக்க வேண்டும். வங்கி வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அரசு 100 சதவீதம் உத்தரவாதம் தரும். யாருக்கு உத்தரவாதம்? வங்கிக்கு. தொழில் படுத்தால் வங்கியின் பணம் வந்துவிடும். கடன்காரர் கடன்காரராகவே நிற்பார்.

இந்தப் பணத்தால் கதவைத் திறந்த பட்டறைகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் விதியைப் பாருங்கள். 10 லட்சம் பாக்கி வைத்திருந்தவருக்கு 2 லட்சம் கிடைத்தது. கையிருப்பையும் மனைவியின் சீட்டுப் பணத்தையும் போட்டு, வங்கிப் படி ஏறாமல் செக்கு ஓட்டியவருக்கு? பூஜ்ஜியத்தில் 20 சதவீதம் பூஜ்ஜியம்தான். முத்ரா சிசு கடனுக்கு அறிவித்த 2 சதவீத வட்டிச் சலுகையும் ஏற்கெனவே கடன் வாங்கியவர்களுக்குத்தான்.

அடுத்தது தவணை ஒத்திவைப்பு. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதம் என்று அறிவித்து, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. தவணை கட்ட வேண்டாம்னு சொன்னாங்களே தவிர, வட்டி வேண்டாம்னு சொல்லலை. 10 சதவீத வட்டியில் 5 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்குத் தனி வட்டி 25,000 ரூபாய். மாதாமாதம் வட்டிக்கு வட்டி சேர்த்தால் சுமார் 25,527. அதற்குப் பிறகு, 2 கோடி வரையிலான கடன்களுக்கு மத்திய அரசு கருணைத் தொகை தந்ததே, அது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். அதாவது 527 ரூபாய்! பயிர்க் கடனும் டிராக்டர் கடனும் அந்தப் பட்டியலில் இல்லை என்றும் விளக்கம் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது. 16.43 லட்சம் விவசாயிகளுக்கு அது நிஜமான நிவாரணம், வரவேற்கிறேன். ஆனால் அதுவும் கடன் வழியாகவே வந்தது. கடனில் ஒரு பகுதியை உர மூட்டையாகக் கொடுக்கும் சங்கத்துக்கு நம்மில் பலர் போவதே இல்லை. சாணத்தையும் பஞ்சகவ்யத்தையும் நம்பி, கடன் இல்லாமல் வெள்ளாமை செய்தவருக்கும் சந்தை மூடித்தான் கிடந்தது. அவர் கணக்கில் எதுவும் வரவில்லை.

முந்தைய கடனைக் கேட்காத திட்டமும் ஒன்று இருந்தது. தெருவோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் வந்த ஸ்வநிதி. அப்போது முதல் கடன் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். சுற்றுக் கிராமத்தில் இருந்து நகரத்துக்கு வந்து காய் விற்கிறவரும் அதில் சேரலாம். ஆனாலும் அதுவும் கடன்தான். அமெரிக்காவிலும் அந்த நேரத்தில் சிறு தொழில்களுக்குக் கடன் என்றுதான் கொடுத்தார்கள். ஆனால் பெரும்பகுதியை வேலையாட்களின் சம்பளத்துக்குச் செலவழித்தால் திருப்பித் தர வேண்டாம் என்று விதி வைத்தார்கள். அதற்குப் பெயர் நிவாரணம்.

உரம், மருந்தை வெளி இடுபொருள் என்று ஒதுக்குகிறோம். கடனும் ஒரு வெளி இடுபொருள்தான். மண் செத்துக் கிடக்கும்போது யூரியா போட்ட மாதிரி, விற்பனையே இல்லாத காலத்தில் கடன் வாங்கினால் கொஞ்ச நாள் பச்சை காட்டும், பிறகு காயும்.

அதனால் நம் இயக்கம் கேட்க வேண்டியது இது. பேரிடர் நிவாரணத்தைக் கடன் பாக்கியை வைத்து அளக்காதீர்கள். வேலை பார்க்கும் ஆட்களையும் நின்றுபோன விற்பனையையும் வைத்து அளந்து, திருப்பித் தர வேண்டாத தொகையாகக் கொடுங்கள். விவசாயத்தையும் விவசாயம் சார்ந்த சிறு தொழிலையும் பட்டியலுக்கு வெளியே தள்ளாதீர்கள்.

அப்படிக் கேட்கும்போது, “நீங்க தொழில் நடத்துறதுக்கு என்ன அத்தாட்சி?” என்று அதிகாரி திருப்பிக் கேட்பார். பதில் இப்போதே தயாராக இருக்கட்டும். உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது, தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். பயிர் செய்வது அதில் வராது, செக்கும் மாவு மில்லும் வரும். வீட்டுக் கணக்கையும் தொழில் கணக்கையும் தனித்தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். தினசரி விற்பனையை ஒரு நோட்டில் எழுதுங்கள். குழுவாக விற்பவர்கள் கிலோவுக்கு ஒரு ரூபாய் எடுத்துப் பொது நிதி சேருங்கள். ஊரே முடங்குகிற நாளில் வட்டி இல்லாமல் கைக்கு வரும் முதல் பணம் அதுவாகத்தான் இருக்கும்.