வாயைக் கட்டச் சொல்வோருக்கு

எலிக்கு ஊசி போட்டுப் பார்த்ததை மனிதப் பசியோடு முடிச்சுப் போடாதீர்கள், சஷ்டி விரதக்காரர் பசியை அடக்கவில்லையா, உடல் பருத்தவருக்குக் கட்டுப்பாடு இல்லை, அவ்வளவுதான் என்கிறார் பாலசமுத்திரத்துப் பெரியவர் ஒருவர். ஐயா, இதை நான் ஏற்கமாட்டேன்.

விரதத்தில் அடங்குவது கை, பசி அல்ல. வயிறு காலியானால் இரைப்பை கிரெலின் என்ற பெப்டைடை இரத்தத்தில் விடுகிறது. 1999இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் அதை எலியின் இரைப்பையில்தான் கண்டார்கள். அவர்கள் தேடியது பசியை அல்ல. பிட்யூட்டரியில் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் பொருளை. அதை ஏற்றிய எலிகள் கூடுதலாகத் தின்றன. 2001இல் லண்டனில் மனிதர்களுக்கு ஏற்றினார்கள், அவர்களும் அப்படியே. உணவைக் குறைத்து எடை குறைத்தவர்களுக்குக் கிரெலின் ஏறுகிறது என்று 2002இல் தெரிந்தது. உடலே எதிர்த்து நிற்கும்போது அவர்களைக் கட்டுப்பாடற்றவர்கள் என்பது அநியாயம்.

எலி வேறு, மனிதன் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எலியால் வாந்தி எடுக்க முடியாது. அது தீனியை ஒதுக்கினால் நிறைவா, குமட்டலா என்று பிரிப்பது கடினம். கிரெலின் இல்லாமல் பிறந்த சுண்டெலிகளும் வழக்கம்போலத் தின்றன. அதாவது, எந்த ஒரு சுரப்பும் தனியாகப் பசியை ஆள்வதில்லை.

அதற்காக எலியைத் தள்ளிவிடலாமா? எலி மூளையில் ஏற்றிய ஜிஎல்பி-1 என்ற பெப்டைடு தீனியைக் குறைத்தது 1996இல். அதே பெப்டைடை ஒத்த செமாக்ளுடைட், எடைக் குறைப்பு ஊசியாக 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது.