சுவர் அழுதால் பட்டி பார்க்காதீர்கள்!

எங்கள் வீட்டில் அத்தை படுக்கும் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு நாலு வருஷத்தில் மூன்று முறை பட்டி பார்த்து பெயின்ட் அடித்தோம். தீபாவளிக்குப் பளபளவென்று இருக்கும். பொங்கலுக்குள் முழங்கால் உயரத்தில் பொரிந்து, தொட்டால் மாவு மாதிரி உதிரும். "இந்த ஏரியா தண்ணியே உப்புங்க, எல்லா வீட்லயும் இப்படித்தான்" என்பார் பெயின்டர். நாங்களும் தலையாட்டுவோம்.

போன வருஷம் அத்தை, அந்தச் சுவரை ஒட்டிய மர அலமாரியின் அடித்தட்டிலிருந்து தன் கூறைப்புடவையை வெளியே எடுத்தார். மடிப்புக்கு மடிப்பு கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை! அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. புடவையை மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் குளியலறையை உடைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

டைல்ஸை எடுத்ததும் விஷயம் புரிந்தது. பக்கெட் குழாய்க்குப் போகும் கன்சீல்டு பைப்பின் எல்போவில் ஊசிமுனை அளவு கசிவு. நாலு வருஷமாகச் சுவர் அழுதுகொண்டிருந்தது. நாங்கள் பவுடர் போட்டுக்கொண்டிருந்தோம்.

பட்டி ஏன் நிற்பதில்லை?

செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இயல்பாகவே உப்புகள் உண்டு. சுவருக்குள் இறங்கும் தண்ணீர் அவற்றைக் கரைத்து வெளிப்பக்கம் கொண்டுவரும். தண்ணீர் காற்றில் ஆவியாகிவிடும். உப்பு படிகமாகி அங்கேயே தங்கி, பெயின்ட்டையும் பட்டியையும் உள்ளிருந்து தள்ளும். அதனால் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும், தண்ணீர் வரும் வழி அடைபடாதவரை அது தோலாக உரியத்தான் செய்யும்.

முதலில் தண்ணீரைப் பிடியுங்கள்

சுத்தியலை எடுப்பதற்கு முன் இரண்டு எளிய சோதனைகள்.

ஒன்று: ஓதம் உள்ள இடத்தில் ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கட்டினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கட்டினால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்துவைப்பதும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் மருந்து.

இரண்டு: ஒரு வாரம் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாதீர்கள், ஆனால், தண்ணீர் லைன் வால்வு திறந்தே இருக்கட்டும். ஓதம் கூடிக்கொண்டே போனால் சந்தேகம் தண்ணீர் வரும் பைப்பின் மேல். மெல்லக் காய ஆரம்பித்தால், தரையிலோ டைல்ஸ் இடுக்கிலோ கழிவுநீர்க் குழாயிலோ கோளாறு. பழைய பைப்பை அப்படியே விடுவதாக இருந்தால், பிளம்பரிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டோ கீஸர் லைனோ இருந்தால், மெயினை அணைத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகே கை வையுங்கள்.

சுவரைச் சரிசெய்யும் முறை

சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொப்'பென்று பொள்ளலாகக் கேட்கும் இடமெல்லாம் பூச்சு விட்டுப்போன இடம். அதைத் தாண்டி நல்ல பூச்சிலும் ஓர் அடி சேர்த்துக் கொத்தி எடுக்க வேண்டும். "அழுகின மட்டும் எடுத்தா போதும்" என்பார்கள்; ஒப்புக்கொள்ளாதீர்கள்.

செங்கல் மேல் பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி வெளியே கொட்டுங்கள்.

பைப்புக்காக வெட்டிய காடி மேல் சிக்கன் மெஷ் அடித்துப் பூசினால் பின்னால் விரிசல் விடாது. கலவை 1 பங்கு சிமென்ட்டுக்கு 4 பங்கு மணல், சலித்தது. பூசுவதற்கு முன் செங்கல்லை நனைப்பதும், பூசிய பின் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டுவதும் முக்கியம்.

குளியலறைப் பக்கம், டைல்ஸுக்கு முன் வாட்டர்ஃப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை: முதல் கை குறுக்காக, காய்ந்த பிறகு அடுத்தது நெடுக்காக. தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஓர் அடி ஏற்றுங்கள். ஷவர் இருக்கும் இடத்தில் 6 அடி. பிறகு கழிவுநீர் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்காமலும் வெளிச்சுவரில் ஈரம் தெரியாமலும் இருந்தால்தான் டைல்ஸ். அவசரத்தில் பெரும்பாலும் தவிர்க்கப்படுவது இந்தச் சோதனைதான். "அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்" என்பது என் அனுபவப் பாடம்.

அறைப் பக்கப் பூச்சுக்கு உடனே பெயின்ட் வேண்டாம். ஏறக்குறைய ஒரு மாதம் காய விடுங்கள். பிறகு சிமென்ட் கலந்த பட்டி, பிரைமர், பெயின்ட்.

ஜிப்சம் போர்டு சுவரா?

புது ஃபிளாட்டுகளில் தடுப்புச் சுவராகவும், அமெரிக்கா, கனடாவில் பிள்ளைகள் வீடுகளில் பெரும்பாலும் உள்சுவராகவும் இருப்பது இது. அங்கே டிரைவால் என்பார்கள். இரண்டு காகித அட்டைகளுக்கு நடுவே ஜிப்சம். நனைந்து உப்பிய போர்டைப் பட்டியால் காப்பாற்ற முடியாது; காகிதத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். கசிவை நிறுத்தி, கெட்ட பகுதியைச் சதுரமாக வெட்டி, உள்சட்டம் நன்றாகக் காய்ந்த பின் புதுத் துண்டை ஸ்குரூ போட்டுப் பொருத்த வேண்டும். இணைப்பில் டேப் ஒட்டி, ஜாயின்ட் காம்பவுண்டை மூன்று கை, ஒவ்வொன்றும் காய்ந்த பின் கொஞ்சம் அகலமாக இழுத்து, உப்புத்தாளால் தேய்த்தால் ஒட்டுப் போட்டதே தெரியாது. ஒரு விஷயம்: பச்சை நிற போர்டு ஈரத்தை ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். ஷவர் தண்ணீர் நேரடியாக விழும் இடத்துக்கு சிமென்ட் போர்டும் அதன் மேல் வாட்டர்ஃப்ரூஃப் கோட்டிங்கும்தான் சரி.

எங்கள் வீட்டு வேலை முடிந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. சுவர் காய்ந்திருக்கிறது. ஆனாலும் அத்தை காலையில் எழுந்ததும் உள்ளங்கையை அந்தச் சுவரில் ஒருமுறை வைத்துப் பார்க்கிறார். புடவையை டிரை கிளீனிங் கொடுத்தோம். பாதிப் புள்ளிகள் போயின, மீதி போகவில்லை. முதல் தடவை பொரிந்தபோதே பெயின்டருக்குப் பதில் பிளம்பரைக் கூப்பிட்டிருந்தால், அந்தப் புள்ளிகள் வந்தே இருக்காது.