தொட்டி மீன் தொடர்ந்து சாகிறதா? மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து இரண்டு மாதமாக மீன் வளர்க்கிறோம். தங்கமீன் 4, மோலி 6, கப்பி 10 விட்டோம். ஒவ்வொன்றாகச் செத்தன. மூன்று முறை புதிதாக வாங்கி விட்டும் அதே கதைதான். உடம்பில் புண்ணோ புள்ளியோ இல்லை. கடையில் கொடுத்த நீல மருந்தும் ஊற்றினோம். ஞாயிறுதோறும் முழுத் தண்ணீரையும் மாற்றிக் கழுவுகிறோம். ஆழ்துளைக் கிணற்று நீர் பாதி, ஊராட்சிக் குழாய் நீர் பாதி ஊற்றுகிறோம். மகளிர் குழுவில் கடன் வாங்கி, தோட்டத்தில் சிமென்ட் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்க்கலாம் என்று இருந்தோம். இப்போது பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, திருவக்கரை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: புண், புள்ளி, செதில் உதிர்வு எதுவும் இல்லாமல் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது நோயை அல்ல, தண்ணீரை. வாசகி எழுதிய விவரங்களிலேயே மூன்று காரணங்கள் தெரிகின்றன. மீன் அதிகம். வாரம் ஒரு முறை தொட்டியை முழுதாகக் கழுவுவது. குழாய் நீரை அப்படியே ஊற்றுவது. இந்த மூன்றையும் சரிசெய்யாமல் எந்த மருந்து ஊற்றினாலும் பலன் இருக்காது.

யூரியா கணக்குதான் இங்கேயும்

வயலில் யூரியா போட்டால் அது முதலில் அம்மோனியாவாகிறது. பிறகு மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், அடுத்து நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மீன் தொட்டியிலும் இதே வேலை நடக்கிறது. மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீவனமும் அம்மோனியாவைத் தருகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை.

இந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பவை அல்ல. தொட்டியின் அடி மணல், கல், வடிகட்டிப் பஞ்சு ஆகியவற்றில் ஒட்டி வளர்பவை. புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் 20 மீனை விட்டால் அம்மோனியா ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும், மீன் மட்டும் தினம் ஒன்றாகச் சாகும்.

ஞாயிறுதோறும் மணலையும் பஞ்சையும் தேய்த்துக் கழுவும்போது அந்த வாரம் வளர்ந்த பாக்டீரியாவும் போய்விடுகிறது. அடுத்த நாள் தொட்டி மறுபடியும் புதுத் தொட்டி. இரண்டு மாதம் ஆகியும் சாவு நிற்காததற்கு இதுவே முக்கியக் காரணம். நீல மருந்து என்பது மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கு அது உதவும். ஆனால் நன்மை செய்யும் பாக்டீரியாவையும் அது பாதிக்கும் என்பதால் வளர்ப்புத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மருந்து தர வேண்டிய மீனைத் தனி வாளியில் எடுத்துத்தான் தர வேண்டும்.

தண்ணீரின் கார அமில நிலையும் இதில் சேர்கிறது. நம் ஊர் வெப்பத்தில், கார அமில நிலை 7 இருக்கும் நீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒரு பங்கு கூட இருக்காது. 8 ஆனால் 6 முதல் 7 பங்கு. 9 ஆனால் 40 பங்குக்கு மேல். ஒரே அளவு கழிவு இருந்தும் ஒரு வீட்டில் மீன் பிழைக்கிறது, இன்னொரு வீட்டில் சாகிறது என்றால் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

எத்தனை மீன் விடலாம்?

ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். வாசகியின் தொட்டி இரண்டரை கன அடி, அதாவது 70 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 60 லிட்டர் நிற்கும். ஓர் அங்குல மீனுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் 15 கப்பி வரை தாங்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் 10-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. தங்கமீன் அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன். ஒன்றுக்கு 30 முதல் 40 லிட்டர் வேண்டும். அதைக் கப்பியோடு சேர்த்து விடக் கூடாது.

குழாய் நீர், ஆழ்துளை நீர்

ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவது மக்கள் நலனுக்காக. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. மனிதருக்குப் பாதுகாப்பான அந்த அளவே மீனின் செவுளைக் கெடுத்துவிடும். தொட்டி சுத்தம் செய்து பவுடர் அதிகம் போட்ட நாளில் தண்ணீர் மாற்றினால், சில மணி நேரத்தில் எல்லா மீனும் போய்விடும்.

ஆழ்துளை நீரில் குளோரின் இல்லை. ஆனால் நிலத்தடியிலிருந்து நேரே வரும் நீரில் பிராணவாயு குறைவு, கரியமில வாயு அதிகம். இரும்புச் சத்து உள்ள நீரென்றால் காற்றுப் பட்டதும் செம்பழுப்புப் படிவு உண்டாகி மீனின் செவுளில் ஒட்டும்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான். வாய் அகன்ற டிரம்மில் பிடித்து, மூடாமல், முடிந்தால் காற்றுக்குழாய் போட்டு ஒரு நாள் முழுதும் வைத்திருந்து பிறகு ஊற்றுங்கள். குளோரின் வெளியேறும், காற்று கலக்கும், இரும்பு அடியில் படியும், வெப்பநிலையும் தொட்டிக்குச் சமமாகும்.

சாகும் விதத்தைப் பார்த்துக் காரணம் அறிய

• தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் எல்லாம் செத்தால்: குளோரின், சோப்பு, அல்லது திடீர் வெப்பநிலை மாற்றம்.
• விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால், பெரிய மீன் முதலில் செத்தால்: பிராணவாயுக் குறைவு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவைத்தான் பிடித்து வைக்கும். கோடையிலும் மின்வெட்டிலும் இது நடக்கும்.
• தினம் ஒன்று, இரண்டு என்று வாரக்கணக்கில் செத்தால்: அம்மோனியா அல்லது நைட்ரைட். நைட்ரைட் என்றால் செவுள் சிவப்பு மங்கிப் பழுப்பாக இருக்கும்.
• வாங்கி வந்த இரண்டு மூன்று நாளில் புது மீன் மட்டும் செத்தால்: பயணக் களைப்பும் தண்ணீர் மாற்றமும். பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் கலந்த பிறகே மீனை விட வேண்டும்.
• உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி வந்து, கல்லில் உடம்பைத் தேய்த்தால்: இது வெண்புள்ளி நோய். மருந்து தேவைப்படுவது இங்கேதான்.

வயலிலிருந்து வரும் நஞ்சு

விவசாயக் குடும்பங்கள் தவறாமல் பார்க்க வேண்டியது இது. சைபர்மெத்ரின், லாம்டா சைகலோத்ரின் போன்ற மருந்துகள் ஆடு மாட்டின் உடலில் சீக்கிரம் சிதைந்துவிடும். மீனின் உடலில் அப்படிச் சிதையாது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் சில பங்கு இருந்தாலே மீன் செத்துவிடும். நெல்லுக்கோ மணிலாவுக்கோ மருந்து அடித்த கையோடு தீவனம் போடுவது, மருந்து கலக்கிய வாளியில் தொட்டி நீர் பிடிப்பது, தெளிப்பான் கழுவிய இடத்தில் டிரம்மை வைப்பது ஆகிய மூன்றையும் அடியோடு நிறுத்த வேண்டும். மீன் தொட்டிக்கென ஒரு வாளி, ஒரு குவளை தனியாக இருக்கட்டும்.

கொசுவுக்கு வைக்கும் திரவ மருந்திலும் சுருளிலும் இதே வகை மருந்துதான் இருக்கிறது. காற்று மோட்டார் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள்தான் விடுகிறது. மீன் தொட்டி உள்ள அறையில் கொசு மருந்து வேண்டாம், வலை கட்டிக்கொள்வது நல்லது.

தொட்டிக்குள் போடும் கல்

அழகுக்காகப் போடும் கல்லில் சுண்ணாம்பு இருந்தால் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது தொட்டிக்கு ஆகாது. கிளிஞ்சல், பவளத் துண்டுக்கும் இதே விதி. திருவக்கரையில் கிடைக்கும் கல்மரத் துண்டு மணற்சத்து நிறைந்தது, நுரைக்காது. ஆனாலும் அதை எடுக்கக் கூடாது. அங்குள்ள தேசிய கல்மரப் பூங்கா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஆற்றுக் கூழாங்கல்லே தொட்டிக்குப் போதும்.

இன்று செய்ய வேண்டியவை

1. இரண்டு நாள் தீவனம் நிறுத்துங்கள். மீன் பட்டினியால் சாகாது. பிறகு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள்.
2. ஒரு நாள் வைத்திருந்த நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இப்படிச் செய்யுங்கள்.
3. 60 லிட்டருக்கு 60 கிராம் கல் உப்பை ஒரு குவளை நீரில் கரைத்து ஊற்றுங்கள். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறுவதை உப்பு தடுக்கும். பிறகு நீர் மாற்றும்போது, மாற்றிய நீருக்கு மட்டும் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு சேர்த்தால் போதும்.
4. மணலைக் கழுவ வேண்டாம். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிந்து திரும்ப வையுங்கள்.
5. செத்த மீனை உடனே எடுத்துவிடுங்கள். புது மீன் ஒன்றரை மாதத்துக்கு வேண்டாம்.

மின்சாரம் நின்றால் ஒரு குவளையில் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் மீன் தாங்கும்.

கடன் வாங்குவதற்கு முன்

வாசகி திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, தள்ளிப்போட்டால் போதும். இந்த ஒரு தொட்டியில் மூன்று மாதம் சாவு இல்லாமல் மீன் வளர்ந்த பிறகு கடனைப் பற்றி யோசிக்கலாம். அதற்குள் தண்ணீரைச் சோதித்துவிட வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் குடிநீரைச் சோதிக்கப் பெண்களுக்குப் பயிற்சி தரப்பட்டுள்ளது. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் சோதனைப் பெட்டி யாரிடம் உள்ளது என்று தெரியும். விரிவான சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகலாம். கார அமில நிலை, கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட் ஆகிய நான்கையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், மீன் பிழைத்தாலும், அந்த நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.

நீர் கடினமாக இருந்தால் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் நன்றாக வளரும். மென்னீர் கேட்கும் டெட்ரா, டிஸ்கஸ் வகைகளை நினைக்கவே வேண்டாம். கிடைக்கும் நீருக்கு ஏற்ற மீனைத் தேர்வு செய்பவருக்கே இந்தத் தொழிலில் நஷ்டம் குறைவு.

புது சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து காரம் ஏறும். நீர் நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகள் போட்டு, சில நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றி மூன்று வாரம் ஊறவிட வேண்டும். கார அமில நிலை எட்டரைக்குக் கீழே வந்த பிறகு, முதலில் ஐந்தாறு மீன் மட்டும் விட்டுப் பாருங்கள்.

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்க்கும் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் மானியம் என வகுத்திருந்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து, மானியம் உறுதியான பிறகு குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுங்கள். சென்னை கொளத்தூர் சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்கள் இந்தத் தொழிலில்தான் இருக்கின்றன. மொத்தமாக வாங்கும் வியாபாரிகளும் அங்கே உண்டு. தொட்டி கட்டுவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய் எந்த மீனுக்கு என்ன விலை என்று விசாரித்து வருவது, பின்னால் விற்பனைக்கு அலையாமல் இருக்க உதவும்.