மேலே கயிறு பிடிப்பது யார்?

தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்த காலத்துக் கதை ஒன்று இன்றும் சொல்லப்படுகிறது. கடலில் இறங்குகிறவர், தன் கயிற்றின் மறுமுனையைத் தோணியில் நிற்கும் மச்சானிடம்தான் கொடுப்பாராம். மனைவியோடு பிறந்தவர் ஆயிற்றே! தங்கச்சியின் தாலி நிலைக்க வேண்டுமென்றால், மனிதர் ஒரு நொடிகூடக் கவனம் பிசகமாட்டார்.

குளிப்பவர் கல்லின் கனத்தில் கீழே போவார். மூச்சை அடக்கிக்கொண்டு, பாரில் கிடக்கும் சிப்பிகளை அள்ளிப் பையில் போடுவார். மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றை இழுத்துச் சைகை கொடுப்பார். மேலே இருப்பவர் அந்த இழுப்பைக் கையால் உணர்ந்து சட்டென்று தூக்க வேண்டும். முத்து கிடைத்தால் பெயர் குளித்தவருக்கு. கயிறு பிடித்தவரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், அவர் தவறு செய்யாதவரை.

முத்துக்குளிப்பு 1960-களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஆனால் கயிறு பிடிக்கும் வேலை வேறு வடிவத்தில் தொடர்கிறது. கம்ப்யூட்டர்காரர்கள் அதை நெட்வொர்க்கிங் என்கிறார்கள்.

கப்பலில் வேலை பார்க்கும் மகன், தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரே பொட்டலமாகப் போவதில்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு வரிசை எண்ணோடு கிளம்புகிறது. கிளம்பும் முன் இரு முனைகளுக்கும் நடுவே மூன்று சைகை நடக்கும். ‘இருக்கியா?’, ‘இருக்கேன், நான் பேசுறது கேட்குதா?’, ‘கேட்குது.’ அதன் பிறகுதான் துண்டுகள் போகும். வந்து சேர்ந்ததற்கு எதிர்முனை ‘வந்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், கொஞ்சம் காத்திருந்து அதே துண்டு மறுபடி அனுப்பப்படும். வழியில் தொலைந்தது, முன்பின்னாக வந்தது எல்லாவற்றையும் சரிசெய்து, அம்மாவின் கையில் முழுப் படம் சேரும்.

இந்த ஏற்பாட்டின் பெயர் டிசிபி. இதற்கான அடிப்படைக் கட்டுரையை வின்ட் சர்ஃப், பாப் கான் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974 மே மாதம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 11 அன்றுதான் தூத்துக்குடி, இந்தியாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஒன்று சரக்குக்கு வழி, மற்றது செய்திக்கு வழி. 50 ஆண்டுகள் தாண்டி இரண்டுமே ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆரம்பத்தில் இந்தக் கயிறு நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இல்லை. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1 வாங்கினால், இன்டர்நெட்டில் சேர்வதற்கான டிசிபி அதில் இருக்காது. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் இருந்த பீட்டர் டாட்டம். அவர் எழுதிய ‘ட்ரம்பட் வின்சாக்’ என்ற மென்பொருளைப் போட்டுத்தான் உலகம் முழுக்க ஏராளமானோர் முதன்முதலாக இன்டர்நெட்டைப் பார்த்தார்கள். பிடித்திருந்தால் 25 டாலர் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். பயன்படுத்தியவர்களில் பெரும்பாலானோர் அனுப்பவில்லை. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தபோது, டிசிபி அதற்குள்ளேயே இருந்தது. டாட்டமின் கயிறு யாருக்கும் தேவைப்படவில்லை. அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டிருந்தது.

கயிற்றை விண்டோஸுக்குள்ளேயே வைத்துப் பின்னிய வேலை, அதற்கு முன்பே விண்டோஸ் என்.டி.யில் நடந்திருந்தது. அந்த அணியில் நம் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். புதுச்சேரிக்காரரான சோமசேகர்.

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. 1989-ல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். முதலில் கிடைத்தது ஓஎஸ்/2 என்ற இயங்குதள வேலை. ஐபிஎம்மும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து செய்த தயாரிப்பு அது. கொஞ்ச நாளில் இரண்டு கம்பெனிகளும் பிரிந்தன. மைக்ரோசாஃப்ட் ஓஎஸ்/2-வைக் கைகழுவிவிட்டு விண்டோஸ் பக்கம் போனது. வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே, கையில் இருந்த தயாரிப்பு காலாவதி! இன்றைய ஐ.டி. இளைஞர்களுக்கு இந்தப் பயம் நன்றாகவே தெரியும்.

சோமசேகர் விண்டோஸ் என்.டி. அணிக்கு வந்தார். டேவ் கட்லர் என்ற கண்டிப்பான பொறியாளர் நடத்திய அணி அது. அங்கே ஒரு விதி உண்டு. அன்றன்று எழுதிய நிரல்களையெல்லாம் சேர்த்து, தினமும் முழு விண்டோஸையும் கட்டிப் பார்க்க வேண்டும். அரைகுறையாக இருக்கும் அந்த விண்டோஸிலேயே அணியினர் தங்கள் வேலையையும் செய்ய வேண்டும். சமைத்தவர் முதலில் சாப்பிட வேண்டும் என்பது போல. ராத்திரி முழுக்க இயந்திரங்களுக்குக் கடுமையான சுமை கொடுத்து ஓடவிடுவார்கள். காலையில் எது விழுந்து கிடக்கிறது என்று பார்ப்பார்கள். ஆயிரம் சிப்பியைத் திறந்தால் ஒன்றில் முத்து இருக்கலாம் என்பது குளிப்பவரின் கணக்கு. ஆயிரம் முறை ஓட்டினால் ஒருமுறை தவறு தெரியலாம் என்பது இவர்களின் கணக்கு. அந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் வேலையே.

1993 ஜூலையில் விண்டோஸ் என்.டி. வெளிவந்தது. இன்று கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஓடும் விண்டோஸ் 10, 11 எல்லாம் அதன் வாரிசுகள்தான். சோமசேகர் விண்டோஸின் எட்டு வெளியீடுகளில் பங்கெடுத்தார். பிறகு, மற்ற பொறியாளர்களுக்குத் தேவையான கருவிகளைச் செய்யும் பிரிவுக்குத் தலைவரானார். விஷுவல் ஸ்டுடியோ, டாட்நெட் எல்லாம் அங்கே உருவானவை. 2014 நவம்பரில், டாட்நெட்டின் நிரலை உலகத்துக்கே திறந்துவிடுவதாகவும், அது லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும் என்றும் அறிவிப்பு வந்தது. விண்டோஸுக்கென்றே வளர்த்த பிள்ளையைப் போட்டியாளர் வீட்டிலும் வேலை செய்ய அனுப்பியது போல. அடுத்த ஆண்டு அவர் மைக்ரோசாஃப்டை விட்டு விலகி, சியாட்டிலில் புதிய நிறுவனங்களுக்கு முதலீடு செய்யும் வேலைக்குப் போனார்.

ஓஎஸ்/2 போனது. எட்டு விண்டோஸ் வந்தது. கருவிகள் மாறின. ஒரே கம்பெனியில் இத்தனை மாற்றத்தையும் ஒரு மனிதர் தாண்டிவர முடிந்ததென்றால், அவர் பிடித்திருந்தது ஒரு தயாரிப்பை அல்ல. எந்தத் தயாரிப்புக்கும் அடியில் இருக்கும் அடிப்படையை.

அந்த அடிப்படையில் சின்ன ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? துறைமுக ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

2017 ஜூன் 27. நாட்பெட்யா என்ற நச்சு மென்பொருள் உக்ரைனில் கிளம்பியது. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் பழைய நெட்வொர்க் நிரலில் இருந்த ஒரு ஓட்டை, அது பரவிய வழிகளில் ஒன்று. உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க் முடங்கியது. அதன் குழுமம் நடத்திய, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு கன்டெய்னர் முனையத்திலும் கம்ப்யூட்டர்கள் நின்றுபோயின. கப்பல் இருக்கிறது, கிரேன் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

மெர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்தே நாளில் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. யார் யாருக்கு எந்த அனுமதி என்ற விவரத்தை வைத்திருக்கும் முக்கிய சர்வர்கள் உலகெங்கும் அழிந்திருந்தன. ஆப்பிரிக்காவின் கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. காரணம், அங்கே அந்த நேரத்தில் கரன்ட் போயிருந்தது! அந்த நகலை விமானத்தில் எடுத்துவந்துதான் மற்றவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள்.

அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. மூன்று மாதத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. அப்டேட் போட்ட கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. போடாத ஒன்றில் நுழைந்து, அங்கிருந்து பாஸ்வேர்டைத் திருடி, போட்டவற்றுக்குள்ளும் அது போனது. நூறு கயிற்றில் ஒன்று இற்றுப்போனாலும் தோணிக்கே ஆபத்து.

தூத்துக்குடி, திருச்செந்தூர், காயல்பட்டினம் பக்கத்து வீடுகளில் ப்ளஸ் டூ முடிந்ததும் ஒரு பேச்சு வரும். “கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா? ஏஐதான் எல்லா நிரலையும் எழுதிடுதாமே, வேலை இருக்குமா?” கடன் வாங்கிக் கட்டணம் கட்டப்போகும் பெற்றோருக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல.

இன்ன மொழி படித்தால் வேலை உறுதி என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஓஎஸ்/2 போல, இன்று பெரிதாகத் தெரிவதும் நாளை காணாமல் போகலாம். ஆனால் டிசிபியின் விதிகள் 1981-ல் முறையாக எழுதப்பட்டவை. 2022-ல் அவற்றைத் திருத்தித் தொகுத்தபோதும் அடிப்படை மாறவில்லை. ஒரு பிள்ளை முதலாமாண்டில் படிக்கும் இந்தப் பாடம், ஓய்வு பெறும்வரை செல்லுபடியாக வாய்ப்புண்டு.

கற்றுக்கொள்ளச் செலவும் இல்லை. வீட்டில் ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப் இருந்தால் போதும். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ‘ட்ரேஸ்ர்ட்’ கட்டளையோடு ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால், செய்தி எந்தெந்த இடம் தாண்டிப் போகிறது என்று வரிசையாகக் காட்டும். நடுவில் எங்கே தாமதம், எங்கே பதில் இல்லை என்பதும் தெரியும். ‘வயர்ஷார்க்’ என்ற இலவச மென்பொருளைப் போட்டால், அந்த மூன்று சைகைகளையே கண்ணால் பார்க்கலாம். ஏன் வரவில்லை, எங்கே அறுந்தது என்று தேடும் பழக்கம் அப்படித்தான் தொடங்கும்.

முத்துப் பார்கள் கிடந்த இதே கடலின் அடியில், 2006-ல் தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கல்கிசைக்கு ஒரு கண்ணாடி இழைக் கேபிள் போடப்பட்டது. பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து போட்டவை அந்த 300 கிலோமீட்டருக்கும் மேலான இழைகள். கரையில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட கேபிள்களுக்குப் பின்னால் ஏதோ ஓர் அறையில், திரையைப் பார்த்தபடி ஒருவர் ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்திருப்பார், கயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்ற அந்த மச்சானைப் போல.