அரை நூற்றாண்டுப் பழைய கட்டுரை இப்போ இயர்போனில்... கேட்பதற்கு முன் கவனிக்க வேண்டியது என்ன?

1966 ஏப்ரல் மாத 'எஸ்குயர்' இதழில் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியானது. எழுதியவர் கே டலீஸ். சினாட்ரா அவருக்குப் பேட்டியே கொடுக்கவில்லை. ஜலதோஷம் என்று காரணம் சொல்லப்பட்டது. டலீஸ் வெறுங்கையோடு ஊர் திரும்பாமல், பாடகரைச் சுற்றியிருந்தவர்களிடம் பேசினார், தள்ளி நின்று கவனித்தார். அப்படி உருவான கட்டுரைதான் இன்றுவரை இதழியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட கட்டுரைகள் இப்போது ஒலி வடிவில் திரும்பி வருகின்றன. அமெரிக்க, பிரிட்டிஷ் ஊடகங்கள் பழைய பெட்டகத்தைத் திறந்து, நீண்ட கட்டுரைகளைப் பாட்காஸ்ட் ஆக்குகின்றன. ஆபீஸுக்குப் போகும் வழியில், சமையல் செய்யும்போது, நடைப்பயிற்சியில் கேட்டுக்கொண்டே போகலாம். நல்ல விஷயம்தானே? ஆமாம். ஆனால், காதில் கேட்கும் பழைய செய்திக்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது.

இது புதுசா?

இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டு ஆனபோதே இது நடந்தது. 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழ், கட்டுரைப் பக்கங்கள் முழுவதையும் ஒரே ஒருவருக்குக் கொடுத்தது. ஜான் ஹெர்ஸி எழுதிய 'ஹிரோஷிமா' அது. அணுகுண்டிலிருந்து உயிர் தப்பிய ஆறு பேரின் கதை, சுமார் 31,000 சொற்கள். இதழ் கடைகளில் விற்றுத் தீர்ந்தது. அடுத்த மாதமே அமெரிக்காவின் ஏபிசி வானொலி அதை நான்கு இரவுகள் வாசித்து ஒலிபரப்பியது. பிறகு பிரிட்டனில் பிபிசியும் ஒலிபரப்பியது. இதழ் கிடைக்காதவர்களிடமும் அந்த ஆறு பேரின் கதை போய்ச் சேர்ந்தது.

இன்றைய ஒலிநூல் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 150 ஆங்கிலச் சொற்கள். அந்தக் கணக்கில் 'ஹிரோஷிமா' கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம் ஓடும். மொபைல் திரையில் அவ்வளவு நீளத்தைப் படித்து முடிப்பவர்கள் குறைவு. இரண்டு மூன்று நாள் பயணத்தில் கேட்டு முடித்துவிடலாம். ஒலிக்கு மவுசு வந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம். 'ஆடம்' என்ற செயலி, இதழ்களின் நீண்ட கட்டுரைகளைத் தொழில்முறை வாசிப்பாளர்களின் குரலில் கொடுத்துவந்தது. 2020-ல் அதை 'நியூயார்க் டைம்ஸ்' விலைக்கு வாங்கியது.

எத்தனை விதம்?

இப்போது வருபவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, கட்டுரையை அப்படியே வாசிப்பது. இரண்டாவது, சில பகுதிகளை வாசித்துவிட்டு எழுதியவரிடமோ விஷயம் தெரிந்தவரிடமோ பேசுவது. மூன்றாவது, கணினிக் குரல். இணையதளங்களில் 'கேளுங்கள்' பொத்தானை அழுத்தினால் வருமே, அதுதான்.

இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம், 2015-ல் தொடங்கிய 'எஸ்குயர் கிளாசிக்' பாட்காஸ்ட். அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட கட்டுரைகளில் ஒன்று, டாம் ஜூனோட் 2003-ல் எழுதிய 'விழும் மனிதன்'. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்திலிருந்து ஒருவர் தலைகீழாக விழும் காட்சியை ஏபி நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ படமெடுத்தார். மறுநாள் பல நாளிதழ்கள் அதை வெளியிட்டன. வாசகர்கள் கொதித்தார்கள். அதன்பின் அந்தப் படம் அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. அவர் யார், அந்தப் படத்தைப் பார்க்க மக்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பதுதான் ஜூனோட்டின் கேள்வி. இறந்தவர் யார் என்று தேடி வீடு வீடாகப் போகும்போது, துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் ஒரு நிருபர் எதுவரை கேட்கலாம்? அச்சில் வெளியான கட்டுரையில் இதற்கு ஓரளவுதான் இடம் இருக்கும். எழுதியவரே மைக் முன்னால் உட்கார்ந்தால் விரிவாகக் கேட்கலாம்.

சிக்கல் எங்கே?

பழைய இதழைக் கையில் எடுத்தால், அது பழசு என்று எல்லாமே சொல்லிவிடும். மஞ்சள் படிந்த தாள், அந்தக் காலத்து விளம்பரம், அட்டையில் தேதி. இயர்போனில் இது எதுவும் கிடையாது. நேற்று பதிவு செய்த தெளிவான குரல்தான் கேட்கும். 50 வருடத்துக்கு முந்தைய தகவலும் இன்றைய செய்தி மாதிரியே காதில் விழும். பின்னாளில் தவறு என்று தெரியவந்த தகவலுக்கும் அதே குரல், அதே தெளிவு.

இதன் ஆபத்து புரிய ஒரு கட்டுரை போதும். 1976-ல் 'நியூயார்க்' இதழில் நிக் கோன், புரூக்ளின் டிஸ்கோ இளைஞர்களைப் பற்றி எழுதினார். உண்மைச் சம்பவம் என்றே அது வெளியானது. அடுத்த ஆண்டே அதை வைத்து 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படம் வந்து உலகமெங்கும் ஓடியது. சுமார் இருபது வருடம் கழித்து, கட்டுரையின் நாயகனே கற்பனை என்று கோன் ஒப்புக்கொண்டார். லண்டனில் தனக்குத் தெரிந்த ஓர் இளைஞனை வைத்து அந்தப் பாத்திரத்தை உருவாக்கியதாகச் சொன்னார்.

இந்தக் கட்டுரையை நல்ல குரலில், பின்னணி இசையோடு, வேறு எந்தக் குறிப்பும் இல்லாமல் வாசித்தால் என்ன ஆகும்? அந்தப் பொய் புதிய தலைமுறைக்கு உண்மையாகப் போய்ச் சேரும். அதையே, எப்படி எழுதப்பட்டது, ஏன் எல்லோரும் நம்பினார்கள், எப்போது குட்டு உடைந்தது என்ற விவரங்களோடு கொடுத்தால் அருமையான இதழியல் பாடம். கட்டுரை ஒன்றுதான். கூடவே சொல்லப்படும் விவரம்தான் வித்தியாசம். கணினிக் குரல் பொத்தான் இந்த வேலையைச் செய்யாது. கொடுத்த எழுத்தை வாசித்துவிட்டு நின்றுவிடும்.

உண்மையான கட்டுரைக்கும் இது பொருந்தும். ஹெர்ஸி 1985-ல், அதாவது கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் கழித்து, அதே ஆறு பேருக்கு என்ன ஆனது என்று எழுதினார். 1946-ல் வந்ததை மட்டும் கேட்டால் அந்த ஆறு பேரின் பிற்கால வாழ்க்கை தெரியாமலே போய்விடும்.

காசு யாருக்கு?

இன்னொரு கேள்வி, உரிமை. 'பாட்காஸ்ட்' என்ற சொல்லே 2004-ல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய ஒப்பந்தங்களில் அது எப்படி இருக்கும்? தொழில்நுட்பம் மாறும்போது இந்தத் தகராறு வருவது வழக்கம்தான். கட்டுரைகளை மின் தரவுத்தளங்களில் ஏற்றியதை எதிர்த்து ஜொனாதன் டாசினி உள்ளிட்ட ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் எழுத்தாளர்கள் பக்கம் நின்றது. அச்சுக்குக் கொடுத்த அனுமதி, தரவுத்தளத்துக்கும் கொடுத்ததாக ஆகாது என்பது தீர்ப்பு.

இந்தியாவிலும் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவில் இதற்கு ஒரு வழி உண்டு. பத்திரிகையில் வேலை பார்ப்பவர் பணிக்காக எழுதியதை, பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், மற்ற உரிமைகளின் முதல் உரிமையாளர் எழுதியவரே. அந்த உரிமை, அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே, இங்கே ஒரு நிறுவனம் பழைய கட்டுரைகளைப் பாட்காஸ்ட் ஆக்க நினைத்தால், பீரோவில் இருக்கும் பழைய ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் பார்ப்பது நல்லது. மீடியாவில் வேலைக்குச் சேரும் இளைஞர்களும் கையெழுத்து போடும் முன் 'ஒலி உரிமை' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கேட்பவர்கள் என்ன செய்யலாம்?

பழைய கட்டுரையின் ஒலி வடிவத்தைக் கேட்கும்போது மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். முதலில் வெளியான தேதியைத் தொடக்கத்திலேயே சொல்கிறார்களா? அதற்குப் பிறகு மாறியது, தவறென்று தெரிந்தது ஏதாவது இருந்தால் சொல்கிறார்களா? எழுதியவர் பெயர், வாசிப்பவர் பெயர், அது மனிதக் குரலா கணினிக் குரலா என்ற விவரம் இருக்கிறதா? மூன்றும் இருந்தால் நம்பிக் கேட்கலாம். இல்லாவிட்டால், கேட்டதை அப்படியே நண்பருக்கு ஃபார்வர்டு செய்யும் முன், அந்தத் தலைப்பை ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.