தோட்டத்தில் ஒரு நியாயம், புக்கிட் அமானில் ஒரு நியாயமா?

தண்டல் கைக்காசு வாங்குகிறார் என்று ஒரு தோட்டத்தில் புகார் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மானேஜர் ஆபீசில் விசாரணை. சாட்சி சொல்ல வந்த மாது கதவருகே நிற்கிறாள். நாளை விடியற்காலை பிரட்டுக்களத்தில் அவளுக்கு நிரை பிரித்துக் கொடுக்கப் போகிறவர் அதே தண்டல்தான். பால் நன்றாக இறங்கும் நிரையா, ஏறி இறங்கிக் காலொடியும் மேட்டு நிரையா என்பது அவர் வாயில் இருக்கிறது. அவரே விசாரணை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால், அந்த மாது "எனக்கு ஒன்றும் தெரியாதுங்க" என்றுதான் சொல்வாள். வேறென்ன சொல்வாள்?

தொழிலாளி மீது புகார் என்றால் சட்டம் தயங்குவதில்லை. 1955ஆம் வருஷத்து வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, விசாரணைக்காக ஒருவரை ஒரு வாரம் வரை வேலையிலிருந்து நிறுத்திவைக்க முதலாளிக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்நாட்களுக்குப் பாதிச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. குற்றமில்லை என்றால் பிடித்ததைத் திருப்பித் தந்துவிட வேண்டும். இது தண்டனையல்ல, விசாரணை ஒழுங்காக நடக்க ஓர் ஏற்பாடு என்பதே இதற்குச் சொல்லப்படும் சமாதானம். நல்லது, ஏற்றுக்கொள்வோம். அப்படியானால் மரம் வெட்டுகிறவருக்குப் பொருந்தும் இந்த நியாயம் நாட்டின் போலீஸ் படைத் தலைவருக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

பொருந்தாமற்போனால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். 1998 செப்டம்பர் 20ஆம் தேதி கைதான முன்னாள் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம், அன்றிரவே புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்து லாக்கப்பில், கண் கட்டப்பட்டு, கையில் விலங்கோடு இருந்த நிலையில் அடிக்கப்பட்டார். 29ஆம் தேதி கோர்ட்டுக்கு வந்தபோது அவருடைய கண் கருத்துக் கிடந்ததை உலகமே பார்த்தது. காயத்தை அவரே உண்டாக்கிக் கொண்டிருக்கலாம் என்று கூட அன்றைய பிரதமர் மகாதீர் பேசினார்! விசாரித்தது போலீஸ். அந்தப் போலீஸுக்குத் தலைவர் ரஹிம் நூர். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

1999 ஜனவரி 5ஆம் தேதி அட்டர்னி ஜெனரல் வாய் திறந்தார். காயத்துக்குப் போலீஸே பொறுப்பு என்றார். அடித்த கை யாருடையது என்று மட்டும் பெயர் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ரஹிம் நூர் பதவி விலகல் அறிவித்தார். பின்னர் அரச விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. அடித்தவர் அவரேதான் என்று அவருடைய வக்கீலே அங்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்றரை மாதம் வெளிவராத பெயர், அவர் விலகி ஏறத்தாழ இரண்டு மாதத்திற்குள் வெளிவந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அவருக்கு இரண்டு மாதச் சிறையும் 2,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன.

தலைவர் குற்றவாளி என்று தீர்ந்த பிறகு விலகுவதில் பெருமையில்லை. விசாரணை தொடங்கிய அன்றே ஒதுங்கியிருக்க வேண்டும். சாட்சி சொல்ல வேண்டிய கான்ஸ்டபிளின் மாற்றல், பிரமோஷன் எல்லாம் எவர் கையில்?

மொட்டைக் கடிதம் வந்தாலே தலைவரை இறக்கிவிடுவதா என்று சிலர் கேட்கலாம். அப்படி நாம் சொல்லவில்லை. முறைப்படி விசாரணை திறந்த பிறகுதான் ஒதுங்கவேண்டும். அதுவும் முழுச் சம்பளத்தோடு. குற்றமில்லையென்றால் அதே நாற்காலி. விசாரணையை இழுத்தடித்து ஆளை அந்தரத்தில் தொங்கவிடுவதும் அநியாயமே. அந்த வேதனை தொழிற்சங்கத்துக்குத் தெரியாததல்ல. ஆகவே காலக்கெடுவும் அவருக்கு உண்டு.

போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனிக் கமிஷன் வேண்டுமென்று துன் ஜைடின் தலைமையிலான அரச கமிஷன் 2005இலேயே எழுதிக்கொடுத்தது. வந்த சட்டம் 2023 ஜூலை 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. பதினெட்டு வருஷம்! அதிலும் புதிய கமிஷன் விசாரிக்கலாம், தானே தண்டிக்க முடியாது; ஒழுங்கு நடவடிக்கைக்குப் போலீஸ் படைக் கமிஷனிடம் அனுப்பவேண்டும். அந்தப் போலீஸ் படைக் கமிஷனிலோ, அரசியலமைப்பின் 140ஆவது விதிப்படி, போலீஸ் படைத் தலைவரே ஓர் அங்கத்தினர்.

ஆகவே ஆபீஸ் அறையைப் பூட்டி வீட்டுக்குப் போனால் மட்டும் போதாது. விசாரணை திறந்த நாள் முதல் படையைத் துணைத் தலைவர் நடத்தவேண்டும், கமிஷன் மேசையிலும் அவருடைய இடம் காலியாயிருக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிடுங்கள் என்று நாடாளுமன்றத்தை நாம் கேட்கிறோம்.