மைதானத்தின் கடினத்தையும் அளப்போம்

2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். அதே அணியில் இருந்த கார்த்தி செல்வம் இவ்வூர் விளையாட்டு விடுதியில் தேறியவர். இங்குள்ள கிருஷ்ணா நகரில் இன்று செயற்கைப் புல்தளம் இருக்கிறது. ஆனாலும் வட்டாரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓடுவதும் விழுவதும் பள்ளி மைதானத்து மண்ணில்தான். கோடு போடுகிறோம், கோல் கம்பம் நடுகிறோம். தரை எவ்வளவு இறுகிக் கிடக்கிறது என்று அளப்பதில்லை. அந்த அளவும் ஆட்டத்துக்கு முந்தைய வழக்கமான வேலைகளில் ஒன்றாக வேண்டும்.

இவ்வட்டாரத்துக் கரிசல் மண்ணுக்கு இந்த அளவு மற்ற மண்ணைவிட அவசியம். இதன் களிமண் நீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காலில் அப்பிக்கொள்ளும் அதே தரை, பங்குனி, சித்திரையில் கட்டாந்தரையாகிவிடும். மேலே பரப்பிய சரள்மண் மழையில் அரித்துப்போன இடங்களில் இறுகிய அடித்தரை வெளியே தெரியும். கோடைப் பயிற்சி முகாம்கள் நடப்பதும் அந்த மாதங்களில்தான். தரை வாங்கிக்கொள்ளாத அதிர்ச்சியைக் குதிகாலும் கணைக்காலும் முழங்காலும் வாங்குகின்றன. தலை மோதினால் மூளை வாங்குகிறது. எலும்பு முதிராத வயதில் இந்தச் சுமையின் ஆபத்து இன்னும் கூடுதல்.

அளக்கும் முறை எளிது. ஆஸ்திரேலியப் பொறியாளர் பேடன் கிளெக் 1970-களில், சாலைக்கு அடியிலுள்ள மண்ணின் உறுதியை அறிய ஒரு கருவியை வடிவமைத்தார். 2.25 கிலோ எடையைக் குழாய் வழியாக 45 செ.மீ. உயரத்திலிருந்து விடுகிறார்கள், தரையில் மோதி அது எவ்வளவு சட்டென்று நிற்கிறது என்பதை உள்ளிருக்கும் உணரி காட்டுகிறது. எண் கூடினால் தரை கடினம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் இதே கருவியால் மைதானத்தைப் பல இடங்களில் சோதிக்கிறது; அளவு 100-ஐ எட்டினால் ஆட்டத்துக்கு முன் சரிசெய்தாக வேண்டும். செயற்கைத் தளத்துக்கும் விலக்கில்லை: மிதிபட மிதிபட அதன் அடிமெத்தையும் இறுகும்.

கட்டாந்தரையில் ஆடியவர்கள்தானே பெரிய வீரர்களானார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அந்தக் கணக்கில் வென்றவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். வலியோடு மட்டையை வைத்துவிட்டுப் போனவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நல்ல காலணியும் சத்தான சாப்பாடும் இல்லாதபோது கருவி எதற்கு என்பது இதைவிட நியாயமான கேள்வி. காலணி கட்டாயம் வேண்டும். ஆனால், விழும் பிள்ளையின் தலையை அது காக்காது. செலவையும் பெரிதாக எண்ண வேண்டாம். கையில் தூக்கிச் செல்லும் கருவி இது. மாவட்டத்துக்கு ஒன்று இருந்தால் பள்ளிகள் முறைவைத்துப் பயன்படுத்தலாம். அமெரிக்க லீக்கின் வரம்பு நம் சிறுவர்களுக்குப் பொருந்துமா என்பதும் சரியான ஐயமே. அதனால்தான் நம் மண்ணில், நம் பருவங்களில் எடுத்த அளவுகள் முதலில் தேவைப்படுகின்றன.

அதற்கான அறிவு உள்ளூரிலேயே உண்டு. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசலை நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அதன் துணையோடு மழைக்குப் பின்பும் கோடையிலும் கோல் முன்பகுதி, நடுக்களம், ஓரங்கள் என அளந்து பதியட்டும். அளவு மிகுந்த இடத்தில் மண்ணைக் கிளறி, மணல் கலந்து, நீர் தெளிக்கலாம். சரியாகும்வரை பயிற்சியை இடம் மாற்றலாம். புதுத் தளம் கேட்டுக் காத்திருக்கும் ஆண்டுகளிலும் இந்தப் பிள்ளைகள் ஆடிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் இன்று ஆடும் தரைக்குப் பொறுப்பேற்பதை அதுவரை தள்ளிவைக்க முடியாது.